புளியங்கொட்டைக் கணக்கு: ஒரு மே மாத நாட்குறிப்பு

மே 4, 2024, சனி

கத்திரி இன்று தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் பத்து மணிக்கே தார் ரோடு அனலடிக்கிறது, பிள்ளைகளை வெளியே விட வழியில்லை. மகளுக்கு ஏழு வயது, ஜூனில் இரண்டாம் வகுப்பு. எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால், மேஜைக்கு அடியில் விரலை மடக்கி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறாள். பதறிப்போய் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தேன். நான்கு கணக்குப் போட்டாள். ஐந்தாவதில் வயிற்றுவலி வந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கச் சொன்னாள். "எனக்கு விளையாட ஆள் வேணும்" என்றாள், அவ்வளவுதான்.

மே 5, ஞாயிறு

பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. ஆளுக்கு ஏழு குழி, முப்பத்தைந்து கொட்டை. ஒரு குழியை அள்ளி வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலி என்றால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆடும்போது எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம்.

இந்தப் பசுதான் வேலை செய்கிறது. மூன்று கிடக்கும் குழியில் ஒன்று விழுந்த அந்த நொடியில் பார்த்து எடுக்க வேண்டும். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் ஆட்டம் தாண்டிப் போய்விடும். மூன்று, நான்கு வரை நம் கண்ணே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும், எண்ணத் தேவையில்லை. மகள் முதல் ஆட்டத்தில் இரண்டு பசுவைக் கோட்டைவிட்டாள். மூன்றாவது ஆட்டத்தில் ஆச்சி கோட்டைவிட்டதைக் காட்டிக்கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்து இவள் கையில் 28. அதைக் குழிக்கு ஐந்தாகப் போட்டால் ஐந்து குழி நிரம்பி மூன்று மிச்சம், இரண்டு குழி அடைபட்டுவிட்டது. வகுத்தல், மீதி எல்லாம் அதில் இருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். சொல்லவில்லை.

மே 8, புதன்

சின்னவனுக்கு நாலு வயது. ஏழு கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசை, இன்னொரு ஏழைத் தள்ளித் தள்ளி ஒரு வரிசை வைத்தேன். எது அதிகம்? நீளமான வரிசையாம்! கண் முன்னால்தானே வைத்தேன் என்றாலும் மாறவில்லை. பி.எட். படித்தபோது, குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே பற்றி ஒரு பாடம் இருந்தது, தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அது வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாதாடும் என்று நினைக்கவில்லை. இந்த வயதில் இதைத் திருத்தக் கூடாது என்று தோன்றுகிறது. தானாக வரும்.

அவனுக்குப் பிடித்தது 'ஒத்தையா ரெட்டையா'. கைக்குள் கொட்டையை மறைத்துக்கொண்டு கேட்கிறான். திறந்ததும் இரண்டிரண்டாகத் தள்ளிப் பார்க்கிறோம், துணையில்லாமல் ஒன்று நின்றால் ஒத்தை. விளையாடும்போது ஒரு கண் அவன்மேல்தான். பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்ட கதை எங்கள் வீட்டில் ஏற்கெனவே உண்டு (அது நான்தான்).

மே 11, சனி

தாயம். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் புள்ளியே இல்லாத ஒரு பக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், அதாவது மொத்தம் ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும், ஆனால் மகளுக்கு விழவே இல்லை. "கட்டை என்மேல கோவமா இருக்கு" என்று அழுகை.

சரி, கட்டையையே விசாரிப்போம் என்று 48 தடவை உருட்டினோம். விழுந்ததற்கெல்லாம் சிலேட்டில் கோடு. மூன்று 13 தடவை, தாயம் 5, பன்னிரண்டு 2. அப்புறம் ஒரு கட்டையில் சிவப்பு நூல் கட்டினேன். தாயத்துக்கு நூல் கட்டை ஒன்று, மற்றது வெறுமை, இல்லையென்றால் மாற்றி, இரண்டே வழி. மூன்றுக்கு நான்கு வழி. பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. மொத்தம் பதினாறு வழிகளையும் அவளே கட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துக் கண்டுபிடித்தாள். அரை மணி நேரம் ஆனது. கடைசியில், "அப்போ எல்லார் மேலயும் கோவம்தான்."

மே 15, புதன்

சின்னவன் அக்காவைப் பார்த்து நூறு வரை எண்ணப் பழகுகிறான். "எண்பத்தொன்பது, ஒம்பதுபது" என்றான். நியாயம்தானே? இருபது, முப்பது என்று வந்தவனுக்குத் தொண்ணூறு எங்கிருந்து முளைத்தது என்று எப்படித் தெரியும்? அதற்குள் ஒரு நூறு ஒளிந்திருப்பதைக் காட்டினேன். சிரித்தான். மறுபடி ஒம்பதுபது.

மே 19, ஞாயிறு

இட்லிக்கு ஊறப்போடும் வேலை பிள்ளைகளுடையது. ஆழாக்கு இரண்டு சேர்ந்தால் உழக்கு, உழக்கு இரண்டு சேர்ந்தால் உரி, உரி இரண்டு சேர்ந்தால் படி. எல்லாம் இரண்டிரண்டாகப் பெருகுவது மகளுக்குப் பிடித்துப்போனது. அப்படியானால் படிக்கு எட்டு ஆழாக்கு. போட்டுப் பார்த்தால் ஏழிலேயே படி வழிந்தது. பாத்திரம் பொய் சொல்கிறது என்றாள். அம்மா சமையல்கட்டிலிருந்தே, "கோபுரமா அள்ளாத ஏட்டி, தலைதட்டி அள" என்றாள். தலைதட்டினாள். எட்டு.

அரிசி நாலு ஆழாக்கு, உளுந்து ஒன்று. மாவு அதிகம் வேண்டும் என்று அரிசி எட்டு போட்டால் உளுந்து எவ்வளவு என்று கேட்டேன். "ரெண்டு. இது கூடவா தெரியாது?"

மே 23, வியாழன்

இன்று நான் கெடுத்தேன். மொட்டைமாடியில் அம்மாவும் மகளும் சாக்பீஸில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்திலிருந்து மூன்று வரை ஊடுபுள்ளி. நடுவில் ஐந்து, இரு பக்கமும் நான்கு, மூன்று. மொத்தம் 19. நான் போய், ஏழிலிருந்து நான்கு வரை என்றால் எத்தனை, எண்ணாமல் சொல்லு, ஏன், எப்படி என்று ஆரம்பித்தேன். சாக்பீஸை வைத்துவிட்டாள். "அப்பா, நீங்க கீழ போங்க."

அம்மா, "நீ என்ன அவளைப் பரிச்சை எழுத வைக்கியா?" என்றாள். கீழே வந்துவிட்டேன். (37 தான். இரவு போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.)

மே 26, ஞாயிறு

மத்தியானம் பல்லாங்குழி. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். ஆட்டம் முடிந்து குழியை நிரப்பினார்கள். மகளுக்கு ஆறு குழி நிரம்பி ஒன்று மிச்சம். ஆச்சிக்கு ஏழும் நிரம்பி மூன்று மிச்சம். அடுத்த ஆட்டத்துக்கு ஆச்சி கையை நீட்டும்போது மகள் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க ஆச்சி. எங்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட மூணு. சேர்ந்தா அஞ்சுல்லா வரணும்?"

ஆச்சி முந்தானையை உதறிக் காட்டினாள். பாய்க்கு அடியில் பார்த்தார்கள். அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த சின்னவன், மூடிய கையை முன்னால் நீட்டினான்.

"ஒத்தையா, ரெட்டையா?"

"ஒத்தை" என்றாள் அக்கா, கையைப் பார்க்காமலே.