மைனஸ் 15இல் வந்த ரிசீவர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த 2012 ஜனவரியில், நிலவறைக்குள் முதலில் இறங்கிய பொருள் கட்டிலோ சாப்பாட்டு மேசையோ அன்று. பயனியர் நிறுவனம் 1976இல் சந்தைக்கு விட்ட எஸ்எக்ஸ்-750 ரக ஸ்டீரியோ ரிசீவர். வானொலியும் பெருக்கியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய, பதினைந்து கிலோவைத் தாண்டும் அந்தப் பாரத்தை நான் படியிறக்கிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கடனின் முதல் தவணையே இன்னும் கட்டவில்லை என்பதை மனைவி நினைவூட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் 1999இல் கனடாவுக்கு வந்த நாள்முதல் பிறர் வீட்டு நிலவறைகளில் வாடகைக்கு இருந்து, மேல்வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் காதில் மாட்டியே பாட்டுக் கேட்டுப் பழகியவன் நான். மேலே நடமாடுவது என் குடும்பத்தாரின் கால்களே என்று ஆனபிறகு, முதலில் வாங்கத் தோன்றியது இதுதான்.

விற்றவர் தம் விளம்பரத்தில் ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதி 250 டொலர் கேட்டிருந்தார். மரப்பெட்டி எண்ணெய் பூசி மினுங்கியது. அலுமினிய முகப்பில் ஒரு கீறல்கூட இல்லை. அன்று வெளியே மைனஸ் 15 பாகை. காரின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம் கிடந்து வந்ததை உடனே இயக்கிப் பார்க்கும் ஆவலில், ஒரு காலத்தில் பருத்தித்துறையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்து, இப்போது பக்கத்து நகரான மார்க்கத்தில் மகளோடு வசிக்கும் ஐயா ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “தம்பி, இண்டைக்குப் பிளக்கைக் குத்திப்போடாதையும். விடியுமட்டும் அப்பிடியே கிடக்கட்டும்” என்றார். குளிரில் கிடந்த இரும்பு சூடான அறைக்குள் வந்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் துளியாகப் படியும். அது காயுமுன் மின்சாரம் கொடுக்கக்கூடாது. இந்த நாட்டுக் குளிரைப்பற்றிச் சப்பாத்து, ஜக்கெற், வழுக்கும் படி என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். ரேடியோவுக்கும் குளிர் பிடிக்கும் என்று சொன்னவர் அவர் ஒருவரே.

மறுநாள் இயக்கியபோது பாட்டுக்கு அடியில் மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. அது எனக்குப் பழக்கமான ஓசை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தே பிபிசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் கேட்டோம். டைனமோ தருவது திசை மாறிமாறி ஓடும் ஆடலோட்டம். நான்கு டயோட்டுகள் அதை ஒரு திசைக்குத் திருப்பும். எஞ்சும் மேடுபள்ளங்களை நிரவுவது, மின்னைத் தேக்கிவைத்து விடும் கொள்ளளவி (கப்பாசிற்றர்). அது பழுதாகியிருந்தால் செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அடியில் உறுமல் எழும். சுற்றுகிற கை சோர்ந்தால் குரலும் சோரும். எஸ்எக்ஸ்-750இன் உள்ளேயும் நடப்பது அதுவேதான். சுற்றுகிறவன் மட்டும் நயாகராவில் இருக்கிறான். இங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 சுற்று. ஒவ்வொரு சுற்றின் இரு பாதிகளும் ஒரே திசைக்குத் திருப்பப்படுவதால் நிரவப்படாத உறுமல் 120 ஹேர்ட்ஸில் எழுகிறது.

ஒன்பதாம் நாள் இடப்பக்கம் ஊமையானது. ஐயாவின் மேசையில் மூடியைக் கழற்றியபோதுதான், புதுப்பிக்கப்பட்டது மரம் மட்டுமே என்பது தெரிந்தது. முப்பத்தாறு வருடப் பழைய கொள்ளளவிகள் எல்லாம் தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருந்தன. அவற்றுள் இருக்கும் மின்பகு திரவம் காலப்போக்கில் காய்ந்துவிடும். ‘புதுப்பித்தது’ என்று ஒருவர் சொன்னால், எந்தெந்தக் கொள்ளளவிகளை மாற்றினீர், ஸ்பீக்கர்களைக் காக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சை மாற்றினீரா, ஸ்பீக்கர் முனைகளில் நேரோட்ட அழுத்தம் எத்தனை மில்லிவோல்ற் என்று அளந்தீரா எனக் கேட்கவேண்டும் என்றும், இலக்கம் சொல்லத் தெரியாதவர் துடைத்து மட்டுமே விற்கிறார் என்றும் ஐயா எனக்குச் சொல்லித்தந்தார். வாங்குமுன் கேட்டிருக்கவேண்டிய பாடம். இருந்தாலும் இயந்திரம் நல்லதுதான் என்பது அவர் கருத்து. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974இல் விதி கொண்டுவருமுன் பெருக்கியின் வலுவைச் சொல்லும் வாற்றுக் கணக்கை விற்பவர்கள் விரும்பியபடி ஊதிப்பெருக்கினார்கள் என்றும், அதற்குப் பிறகு வந்த இந்தப் பெட்டியின் 50 வாற்று உண்மையான 50 வாற்று என்றும் சொன்னார்.

திருத்த மூன்று வார இறுதிகள் சென்றன. இடப்பக்கத்தை ஊமையாக்கியது ரிலேயின் கறுத்த தொடுமுனை. அதை அரத்தால் தேய்ப்பது இரண்டு மாத வைத்தியம் என்று சொல்லி, புதியதையே போட்டார். கொள்ளளவிகளை ஒன்றை எடுத்தால் உடனே அந்த இடத்துக்குப் புதியதை வைத்து, நேர்முனை மறைமுனை பார்த்து, பிறகே அடுத்ததைத் தொட்டோம். எல்லாம் முடிந்ததும் நேரே சுவரில் செருகவில்லை. கடைகளில் இப்போது அரிதாகிவிட்ட பழைய 100 வாற்று இழைமின்குமிழ் ஒன்றை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதை மின்கம்பியில் தொடராக இணைத்தோம். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், ரிசீவர் பிழைக்கும். குமிழ் ஒருகணம் பளிச்சிட்டு மங்கியது. சில விநாடிகளில் ரிலே ‘டக்’ என்றது. ஸ்பீக்கர் முனைகளில் அளந்தபோது இடப்பக்கம் 18 மில்லிவோல்ற், வலப்பக்கம் 23. ஐம்பதுக்குள் இருந்தால் போதும். உதிரிப்பாகங்களுக்கும், ஐயா மறுக்க மறுக்க நான் மேசையில் வைத்துவிட்டு வந்ததற்குமாக இன்னுமொரு 320 டொலர்.

ஏரியல் விடயத்தில் நானே தேறினேன். ஒன்றரை மீற்றர் நீளமான ‘டி’ வடிவக் கம்பியைச் சுவரில் விரித்து, அதன் அகலப்பக்கம் தென்மேற்கே சி.என். கோபுரத்தைப் பார்க்கும்படி வைத்தேன். இந்நகரத்து பண்பலை நிலையங்கள் பலவும் அங்கிருந்தே ஒலிபரப்பாகின்றன. கோபுரம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் 1976இல்தான். நான் வந்த காலத்தில் ரொறன்ரோத் தமிழ் வானொலிகள் வேறு பண்பலை நிலையங்களின் ஒலிபரப்போடு ஒட்டிவரும் துணைச்சுமப்பி அலையில் மறைந்து வந்தமையால், அதற்கெனத் தனிப்பெட்டி வாங்கவேண்டியிருந்தது. பண்பலை 101.3இல் தமிழ் வெளிப்படையாக வரத் தொடங்கியபிறகு எந்த ரேடியோவும் போதும். அம்மா காலையில் நிலவறைக்கு இறங்கி, பெட்டியை இயக்கி, ரிலேயின் ‘டக்’ கேட்கும்வரை கைகட்டி நிற்பார்.

பராமரிப்பு பெரிய வேலை அன்று. பெட்டியின்மேல் எதையும் அடுக்குவதில்லை. சூடு மேலெழ வழி வேண்டும். ஆண்டுக்கொருமுறை மின்தொடுகைக்கென விற்கும் திரவத்தை ஒலிக்கட்டுப்பாட்டுத் திருகிக்குள் சிறிது பீச்சி, முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் திருப்புகிறேன். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயை அதற்குள் விடக்கூடாது. கோடையில் நிலவறை ஈரத்துக்கு ஈரமகற்றும் இயந்திரம் ஓடுகிறது. சென்ற மாதம் டயலுக்குப் பின்னாலுள்ள சிறு மின்குமிழ் ஒன்று போய்விட்டது. எல்ஈடி போடலாம் என்கிறார்கள். அதன் வெள்ளை வெளிச்சம் அந்தப் பழுப்பு முகத்துக்கு ஒட்டவில்லை என்பதால் பழைய ரகத்துக்கே சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு டயலின் இடப்பாதி இருட்டு. 101.3 வலப்பாதியில் இருப்பதால் அம்மா இன்னும் கவனிக்கவில்லை.