ஓடு பிரித்த பிறகு

பிப்ரவரி 8
குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் ஓட்டு வீடு. ஓட்டை மாற்றினால் போதும் என்றுதான் வேலை பேசியிருந்தோம். தெற்குச் சரிவில் அப்பா காலத்து அயினி மரக் கழுக்கோல்கள், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்கள், கல் மாதிரி நிற்கின்றன. அடுக்களைக்கு மேலே வந்ததும் ஆசாரி உளியை வைத்து அழுத்தினார். அது பாதி வரை உள்ளே போய்விட்டது.
“பாத்தியளா அக்கா, மேல பெயிண்டு மட்டும்தான் நிக்குது. உள்ள தடியே இல்ல.”

பிப்ரவரி 9
சுவருக்குள் போகும் கழுக்கோல் நுனிகளைச் சுற்றியிருந்த சிமெண்டை உடைத்தோம். ஒழுக்கை நிறுத்த முன்பொரு கொத்தனார் அடைத்தது. விரிசல் ஓடு வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகிறது. கரையான் மண் எங்கும் இல்லை, இது பூஞ்சை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. நம் மாவட்டத்தில் அடைபட்ட மரம் எப்போது காயும்?

பிப்ரவரி 10
கெட்ட கழுக்கோலின் பக்கத்தில் ஒரு மரத்துண்டு வைத்து அடித்துவிட்டு ஓட்டைப் போடலாம் என்கிறான் தம்பி. ஆசாரி சம்மதிக்கவில்லை, நானும்தான். ஓடு ஒன்றே இரண்டரை கிலோ வரும். அத்தனை பாரத்தையும் பொடியாகிற மரத்தின் மேல் ஏற்றிவிட்டு, கீழே அம்மாவைச் சோறு வடிக்க நிறுத்த எனக்கு மனசில்லை. செலவு கூடும், கூடட்டும்.

பிப்ரவரி 15
மார்த்தாண்டத்தில் காய்ந்த அயினி கிடைத்தது. கெட்ட பாகத்தோடு நிறுத்தாமல், நல்ல மரத்திலும் ஓரடி சேர்த்தே அறுத்தார் ஆசாரி. பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டியும் ஓடியிருக்குமாம். புது நுனிகளுக்கு அண்டி எண்ணெய் (முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய்) பூசினோம். கையில் பட்டால் தோல் பொத்துவிடும், உறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.
இந்த முறை நுனியைச் சுற்றிச் சிமெண்டு கிடையாது. அடியில் கருங்கல் துண்டு, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்டங்களின் இடுக்கு வழியே காற்று ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பிப்ரவரி 21
அடுக்களைக்கு மேல் ஓடு வேய்ந்தாயிற்று. கிழக்கு அறை இன்னும் பாக்கி. அங்கேயும் ஓட்டில் கை வைக்குமுன் சுவருக்குள் போகும் நுனிகளை உளியால் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் மரத்துக்கு அளவு.