அத்தை குதிகால்ல இருந்த கருப்பு

அத்தைக்கு வலது குதிகால்ல ஒரு கருப்பு. ஆரம்பத்துல மிளகு அளவுதான் இருந்துச்சாம், நான் பார்த்தப்போ ஒரு ரூபா காசு அளவுக்குப் பரவியிருந்துச்சு, ஒரு ஓரம் மை மாதிரி கருப்பு, இன்னொரு ஓரம் பழுப்பு, விளிம்பு நெளிஞ்சு நெளிஞ்சு. வெறுங்கால்ல வயல்ல நடக்கறவங்க, முள்ளு குத்துன தழும்புன்னு வீட்ல எல்லாரும் விட்டுட்டாங்க. அப்புறம் மச்சான் மனசு கேக்காம ஒரு லேப்ல கேன்சர் பேக்கேஜ்னு ரத்தம் குடுத்திருக்கான், காப்பர், சிங்க், செலினியம் மூணும் நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கு, அதோட அந்தப் பேச்சே நின்னுபோச்சு. அஞ்சு மாசம். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

ஏன்னா என் வேலையே இதுதான். ரத்தத்துல இருக்கற உலோகங்களை ஐசிபி எம்எஸ் மெஷின்ல அளக்கறது. ஆர்கான் கேஸை பிளாஸ்மாவாக்கி, 6000 டிகிரிக்கும் மேல இருக்கற அந்த சூட்டுக்குள்ள சாம்பிளைத் தெளிச்சா எல்லாம் தனித்தனி அயனியா உடைஞ்சுடும், மெஷின் அதை எடை வாரியா எண்ணும். சீரம்ல, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் தெளிஞ்சு நிக்கற நீர்ல, சிங்க் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பக்கம்தான் இருக்கும், செலினியம் அதுல பத்துல ஒரு பங்கு. இவ்ளோ கம்மியா இருக்கறதை அளக்கும்போது எது வேணா நம்மளை ஏமாத்தும். ரத்தத்துல இருக்கற உப்போட குளோரின் ஆர்கானோட ஒட்டிக்கிட்டா எடை 75, ஆர்செனிக்கோட எடையும் 75, ரெண்டுக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, அதுக்குன்னு நடுவுல ஹீலியம் விட்டு அந்த ஜோடியை வடிகட்டணும்.

மெஷினை விட பெரிய தலைவலி ட்யூப்தான். இந்த டெஸ்ட்டுக்கு கருநீல மூடி போட்ட ட்யூப்லதான் எடுக்கணும் (வெளிர் நீல மூடி வேற, அது ரத்தம் உறையற டெஸ்ட்டுக்கு). சாதாரண ட்யூப் ரப்பர் மூடியில இருந்தே சிங்க் கசியும். ரத்தம் எடுக்கறப்போ செல் உடைஞ்சாலும் சிங்க் ஏறும், ஏன்னா சிவப்பணுக்குள்ள சிங்க் ஜாஸ்தி. அத்தைகிட்ட கேட்டேன், எந்தக் கலர் மூடி போட்டாங்கன்னு. "செவப்பு தம்பி"ன்னாங்க. அப்ப அந்த நார்மல் சிங்க்ல அத்தையோடது எவ்ளோ, மூடியோடது எவ்ளோன்னு யார் சொல்ல முடியும்?

சரி, ஒழுங்காவே எடுத்திருந்தா? அப்பவும் பதில் கிடைச்சிருக்காது. காப்பரை மெலனோமாவோட, அதாவது தோல்ல நிறம் உண்டாக்கற செல்கள்ல வர்ற கேன்சரோட, சேர்த்துப் பார்க்கறதுல அர்த்தம் இருக்கு, நம்ம தோலுக்கு நிறம் தர்ற மெலனினை உண்டாக்கற டைரோசினேஸ் என்சைமோட மையத்துலயே ரெண்டு காப்பர் அணு உக்காந்திருக்கு. நிறைய கேன்சர்கள்ல காப்பர் ஏறி சிங்க் இறங்கறதையும் பார்த்திருக்காங்க. ஆனா அது கூட்டமா எடுத்த சராசரி. உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் கல்லீரல், காப்பரைச் சுமக்கற செருலோபிளாஸ்மின்ங்கற புரதத்தை அதிகமா விடும், அதோட சேர்ந்து காப்பரும் ஏறும், சிங்க் கல்லீரலுக்குள்ள போய் ஒதுங்கிக்கும். காய்ச்சல் வந்தாலும் இதேதான், கர்ப்பமா இருந்தாலும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் காப்பர் ஏறத்தான் செய்யும். இன்னொரு பக்கம், குதிகால்ல காசு அளவு மெலனோமா இருந்தும் ரெண்டும் நார்மலா இருக்கலாம். அத்தைக்கு அப்படித்தான் இருந்துச்சோ என்னவோ.

நான் ஊருக்குப் போன அன்னிக்கே தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். அவர் டெர்மாஸ்கோப்னு கையடக்க லென்ஸை குதிகால்ல வெச்சு என்னையும் பார்க்கச் சொன்னார். கைரேகை மாதிரி பாதத்துலயும் மேடு பள்ளம் வரிவரியா இருக்கும்ல, சாதாரண மச்சம்னா பெரும்பாலும் கருப்பு அந்தப் பள்ளத்துலதான் ஓடுமாம். அத்தைக்கு மேட்டுல ஓடுச்சு, பட்டை பட்டையா, நடுவுல வேர்வைத் துளைங்க வெள்ளைப் புள்ளி புள்ளியா வரிசை கட்டி நின்னுச்சு. டாக்டர் அதுக்கப்புறம் ரொம்ப பேசல, பயாப்ஸி எழுதினார், அந்த இடத்துல சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்க்கறது. மெலனோமாதான், ஆழம் 1.8 மில்லிமீட்டர். நம்ம மாதிரி கருத்த தோல்காரங்களுக்கு வெயில் படற முகத்தை விட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடின்னுதான் மெலனோமா அதிகம் வருது. பாப் மார்லிக்கு 1977ல கால் கட்டை விரல் நகத்தடியில கண்டுபிடிச்சது இதே வகைதான், 1981ல 36 வயசுல போயிட்டார்.

மெலனோமால ரத்தத்துக்கு வேலையே இல்லையான்னு கேட்டா, இருக்கு, தூரமா பரவின கட்டத்துல எல்டிஹெச்ங்கற என்சைம் ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு பார்க்கறாங்க. ஆனா முதல்ல கண்டுபிடிக்கறது கண்ணும் பயாப்ஸியும்தான்.

இதுக்கு நடுவுல மச்சான் செலினியம் மாத்திரை ஒரு டப்பா வாங்கிட்டு வந்துட்டான், பாவம் பயத்துல. வேணாம்னு நான்தான் வாங்கி வெச்சேன். ஏற்கனவே தோல் கேன்சர் வந்துபோன 1312 பேருக்கு, பாதிப் பேருக்கு தினம் 200 மைக்ரோகிராம் செலினியம், மீதிப் பேருக்கு வெத்து மாத்திரைன்னு அமெரிக்காவுல குடுத்துப் பார்த்தாங்க, 1996ல வந்த ரிசல்ட்ல தோல் கேன்சர் குறையவே இல்ல, 2003ல முழுக் கணக்கும் பார்த்தப்போ செலினியம் சாப்பிட்டவங்களுக்கு ஸ்குவாமஸ் செல் வகை தோல் கேன்சர் 25 சதவீதம் கூடத்தான் இருந்துச்சு. அது மெலனோமா இல்ல, வேற வகை, இருந்தாலும் அத்தைக்கு அதைக் குடுக்க எனக்கு மனசு வரல.

குதிகால்ல சுத்தி ரெண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தொடைத் தோலை எடுத்து வெச்சுத் தைச்சாங்க, தொடை இடுக்கு நெறிக்கட்டியில பரவல. இப்ப மெத்து வெச்ச செருப்பு போட்டு வாசல் வரைக்கும் நடக்கறாங்க. செக்கப்புக்குப் போறப்பல்லாம் டாக்டர் முதல்ல ரெண்டு பாதத்தையும் தூக்கி வெச்சுக்கிட்டு விரல் இடுக்கு, நகம்னு ஒண்ணு விடாம பார்க்கறார், அத்தை கூச்சத்துல காலை இழுத்துக்கறாங்க, நான் பக்கத்துல நின்னு டார்ச் அடிக்கறேன்.