ராத்திரியில் கீரை, அதுவும் மீனோடு

பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் கீரை கிடையாது. அப்பத்தா போட்ட சட்டம். ஏன் என்று கேட்டால் ஒரு நாள் செரிக்காது என்பார், இன்னொரு நாள், அந்தக் காலத்தில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் கீரைக்குள் புழு இருந்தாலும் தெரியாதே, அதனால்தான் என்பார். இரண்டாவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. இப்போதுதான் அடுப்படியில் டியூப்லைட் எரிகிறதே என்றேன். "ஒன் வயித்துக்குள்ளயும் டியூப்லைட் போட்டிருக்கியாடி?" என்றார்.

வேலை முடிந்து வீடு வர ஏழரை ஆகிவிடும் எனக்கு. நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவதே ராத்திரிதான், கீரையை வேறு எப்போது தின்பது?

காலையில் தொண்டியிலிருந்து தேவகோட்டை வழியாக டிவிஎஸ் வண்டியில் ஐஸ் பெட்டியோடு ஒருவர் வருவார். நேற்று சங்கரா, உள்ளங்கை அகலத்தில். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு, அரைக் கிலோ வாங்கி உப்பு மஞ்சள் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத 61 நாளும் நாட்டுப்படகு மீன்தான், விலையைக் கேட்டாலே பசி போய்விடும்.)

முருங்கைக்கீரையை முதல் நாள் ராத்திரியே கொத்தோடு ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். மறுநாள் உதறினாலே இலை கொட்டிவிடும், உருவிக்கொண்டு உட்கார வேண்டாம்.

நம் செட்டிநாட்டுப் பக்கம் கீரைக்குத் தண்ணிச்சாறு வைப்போமே, அரிசி களைந்த தண்ணீரில், அதே சாறுதான், தேங்காய்ப்பாலுக்குப் பதில் மீன். நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன், சோம்பு, வெந்தயம் நாலே நாலு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு, பச்சைமிளகாய் இரண்டு, தக்காளி ஒன்று. வதங்கியதும் இரண்டாம் தடவை களைந்த தண்ணீர் இரண்டு டம்ளர் ஊற்றி, உப்புப் போட்டு, கொதி வந்ததும் மீன். கரண்டி போடாதீர்கள், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஐந்து நிமிஷத்தில் சதை வெளுத்து முள்ளை விட்டு விலகும். அப்போது கீரை இரண்டு கைப்பிடி, தட்டிய மிளகு, மூடாமல் இரண்டு நிமிஷம், இறக்கிவிட்டு எலுமிச்சை. முதல் தடவை கீரையை முதலில் போட்டு மூடியும் வைத்தேன், கசந்து, பச்சையும் செத்து, பாசி மாதிரி கிடந்தது.

கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் லேசில் ஒட்டாது. மீனும் எலுமிச்சையும் கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செட்டிநாடு என்று போர்டு மாட்டிய கடைகளில் சிவப்பு எண்ணெய் மிதக்கும் குழம்பையே பார்த்தவர்களுக்கு இது நோயாளிச் சாப்பாடு மாதிரித் தெரியும். தெரியட்டும்.

வாசனை பிடித்து அப்பத்தா வந்து தட்டை நீட்டினார். "இலையை ஒதுக்கிட்டுச் சாறு மட்டும் ஊத்து." ஊற்றினேன். இரண்டாவது கரண்டியில் நாலைந்து இலையும் சேர்ந்து விழுந்தது, அவர் மீன் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.