ஐம்பது தலைவர்களும் ஒரு குழாய் பில்லும்

நான் இருக்கும் சேவைச் சங்கத்துக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. பொன்விழா மலர் போடுகிறோம், சங்க வரலாற்றை நீங்களே எழுதிவிடுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய சங்கதி என்றால் எனக்குப் பிடிக்கும் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதுதான் நான் செய்த தப்பு. பதினோரு மினிட்ஸ் நோட்டு, ஒரு பெட்டி நிறைய போட்டோ, ஒரு மூட்டை வவுச்சர். இவ்வளவுதான் மூலதனம்.

மினிட்ஸ் நோட்டுகளைப் படிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இந்த மாதிரி சங்கங்களில் தலைவர் பதவி ஒரு வருடம்தான், ஜூலை 1 வந்தால் ஆள் மாறிவிடுவார், ஆக ஐம்பது வருடத்துக்கு ஐம்பது தலைவர்கள், ஐம்பது பதவியேற்பு விழாக்கள், ஐம்பதும் "இனிதே நடைபெற்றன". ஒன்றுகூடவா இனிதல்லாமல் நடக்கவில்லை? எனக்கே ஞாபகம் இருக்கிற ஒரு விழாவில் மைக் வேலை செய்யாமல் தலைவர் கோபித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். நோட்டில் அதுவும் இனிதேதான்.

சலித்துப்போய், இப்படிப்பட்ட சங்கங்களெல்லாம் எங்கே எப்படித் தொடங்கின என்று படிக்கப் போனேன். அங்கேதான் சுவாரசியம் கிடைத்தது.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் அவருடைய மூன்று நண்பர்களும் ஓர் அலுவலக அறையில் கூடியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில், சுற்று முறையில் (இங்கிலீஷில் ரொட்டேஷன்) கூடியதால் அந்தப் பெயர். சேவை என்ற பேச்சே அப்போது கிடையாது. பெருநகரத்தில் தனியாகக் கிடந்தவர்களுக்கு நட்பு வேண்டும், அப்படியே ஒருவருக்கொருவர் வியாபாரமும் கொடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று குறித்துவைக்கவே ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள்! 1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேரச் சொல்லிக் கூப்பிட்டபோது, உறுப்பினர்களைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத சங்கம் எனக்கு எதற்கு என்று கேட்டாராம். அந்தக் கேள்வி உறைத்தது. அப்புறம் அவரும் சேர்ந்தார்.

சரி, முதல் சேவை என்ன செய்தார்கள்? கழிப்பறை. நகரமன்றத்துக்கு அருகே ஒரு பொதுக் கழிப்பறை வேண்டும் என்று 1907-ல் பிரசாரம் ஆரம்பித்தார்கள். மதுபானக்காரர்களும் பெரிய கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். ஒதுங்க இடம் தேடி உள்ளே வருகிறவன் ஏதாவது வாங்குவான் அல்லவா, அந்தக் கணக்கு. இரண்டு வருடம் இழுபறி, 1909-ல்தான் கட்டி முடிந்தது. பின்னாளில் போலியோ ஒழிப்பு வரைக்கும் போன ஓர் இயக்கத்தின் கணக்கில் முதல் வரி கழிப்பறை என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

லயன்ஸ் கதையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அதே சிகாகோவில், வணிகர்கள் கூடும் ஒரு சங்கத்தில் இருந்த மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரர், இத்தனை திறமையையும் வியாபாரத்துக்கு வெளியேயும் செலவழித்தால் என்ன என்று கேட்டதில் 1917-ல் பிறந்தது. 1925-ல் அவர்கள் மாநாட்டில் ஹெலன் கெல்லர் வந்து பேசிய பிறகு பார்வையற்றோர் பணி அவர்களுடைய முக்கிய வேலையாகிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது, 1930-ல் பியோரியா என்ற ஊரின் கிளைச் சங்கம் செய்தது. பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்கத் திணறுவதையும், வண்டிக்காரர்களுக்கு அந்தத் தடி கண்ணில் படாததையும் அதன் தலைவர் பார்த்தார். தடிக்கு வெள்ளை அடித்து, ஒரு சிவப்புப் பட்டையும் போடலாம் என்றார். ஒரு டப்பா பெயிண்ட்டில் முடிந்த வேலை.

சண்டையும் நிறைய. பெண்களைச் சேர்க்கக் கூடாது என்பது ரோட்டரியின் சட்டவிதி. மனைவிமார் 1924-லேயே மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் தலைமையில் இன்னர் வீல் என்று தனியாகத் தொடங்கிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊரின் சங்கம், ஆள் குறைந்துகொண்டே போகிறதே என்று 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்தது. கொள்கைப் பிடிப்பைவிட ஆள் பற்றாக்குறைதான் முதல் காரணம், இதை மறைக்கத் தேவையில்லை. தலைமை அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே பறித்தது. அவர்கள் சளைக்கவில்லை, 'முன்னாள் ரோட்டரி' என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டத்தையும் தொடர்ந்தார்கள், வழக்கும் போட்டார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்குப் பூஜ்யம் என்று தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது, 1989-ல் ரோட்டரி விதியையே திருத்தியது.

இதைப் படித்துவிட்டு எங்கள் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். எங்களிடம் முதல் பெண் உறுப்பினர் சேர்ந்த செய்திக்கு ஒன்றரை வரி. அதே பக்கத்தில் ஒலிபெருக்கி வாடகை பற்றிய விவாதம் பதினாறு வரி.

அதற்கப்புறம் மினிட்ஸை மூடிவைத்துவிட்டு வவுச்சர் மூட்டையைப் பிரித்தேன். நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தோம். திறப்பு விழாவுக்கு மட்டும் ஒன்பது போட்டோ இருக்கிறது, ரிப்பன், கத்தரிக்கோல், கத்தரிக்கோலை எட்டிப் பிடிக்கும் ஆறு கைகள். தொட்டியைப் பற்றி மினிட்ஸில் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வவுச்சரில் இருக்கிறது. "வால்வு மாற்றியது", "குழாய் பழுது", "தொட்டி கழுவ ஆள் கூலி" என்று பத்தொன்பது வருடத்துக்கு ஒரே கையெழுத்தில் சீட்டுகள். அந்தக் காலத்தில் தலைவர்கள் பத்தொன்பது பேர் மாறிவிட்டார்கள். சில சீட்டுகளின் ஓரத்தில் "பணம் வாங்கவில்லை" என்று பொருளாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சீட்டு எழுதியவர் ஒருமுறைகூடத் தலைவராகவில்லை, அதனால் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மலர்க் குழுவிடம் பேரம் பேசினேன். ஐம்பது தலைவர்களின் போட்டோவுக்கும் எட்டுப் பக்கம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்கு எனக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்றேன். முக்கால் பக்கத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

விவரம் சரிபார்க்க அந்தச் சீட்டு எழுதியவருக்கு போன் செய்து, பத்தொன்பது வருடக் கணக்கும் கிடைத்துவிட்டது சார் என்றேன். "போன மாசம் வாஷர் மாத்தினேனே, அந்தச் சீட்டு வரலையா?" என்று கேட்டார்.