கட்டைவிரலுக்கு எட்டும் தூரம்

அமெரிக்காவின் வட கரோலினாவில், க்ரீன்ஸ்பரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தேன். ஷிஃப்ட் தொடங்கியதும் ஒவ்வொரு மெஷினிலும் உள்ள சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். மெஷின் நின்றதா, சரி, கையெழுத்து, அடுத்தது. பத்து மெஷினுக்குள் அலுத்துவிடும். ஒரு நாள் அமுக்காமலே கையெழுத்துப் போட்டதை எங்கள் மூத்த ஃபிட்டர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆடம் பெட்டியைத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவருக்கு ஊர் ராண்டில்மன். சாதாரணக் கார் வடிவிலேயே இருக்கும் ஸ்டாக் கார்களின் பந்தயத்தில் பேர்போன பெட்டி குடும்பத்தின் ஊரான லெவல் கிராஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆடமின் கொள்ளுத்தாத்தா லீ, 1959-இல் நடந்த முதல் டேடோனா 500 பந்தயத்தை வென்றவர். தாத்தா ரிச்சர்ட் 200 வெற்றிகள், ஏழு சாம்பியன் பட்டங்கள். அந்த ஊரில் 'ராஜா' என்றால் அவர்தான். அப்பா கைலும் பந்தயக்காரர். 1980-இல் பிறந்த ஆடம் நான்காம் தலைமுறை. குலவித்தை கல்லாமல் பாகம் படும் என்பார்களே, அப்படித்தான். 18 வயதில் சார்லட்டில் ஆர்கா என்ற கீழ்மட்டத் தொடரின் பந்தயம் ஒன்றை வென்று, மிக இளம் வயது வெற்றியாளர் என்று அப்பா வைத்திருந்த பெயரைத் தட்டிக்கொண்டார்.

ஃபிட்டர் அந்த வெற்றியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதே 1998-இல் மினசோட்டாவில் நடந்ததைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பந்தயத்தின் நடுவே காரைச் சரிபார்க்கும் இடமான பிட்டில் கார் நின்றிருந்தது. குழுத் தலைவர் அடியில் புகுந்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். ஜாக்கி இறங்கியதும், வேலை முடிந்தது என்று நினைத்து ஆடம் காரை எடுத்துவிட்டார். அடியில் இருந்தவர் இறந்துபோனார். பதினெட்டு வயதுப் பையன் அதற்கு அப்புறமும் ஸ்டீயரிங்கைப் பிடித்தான் என்பதை என்னால் இன்றும் முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. பந்தயக் குடும்பம் என்பதால் பிடித்தானா, வேறு வழி தெரியாமல் பிடித்தானா?

2000 ஏப்ரல் 2-இல் டெக்சாஸில், பெரிய பிரிவான வின்ஸ்டன் கோப்பையில் முதல் பந்தயம். 33-ஆவது இடத்திலிருந்து கிளம்பி, இன்ஜின் பழுதாகி 40-ஆவதாக முடிந்தது. மூன்று நாள் கழித்து கொள்ளுத்தாத்தா லீ காலமானார். ஆடமுக்கு அந்தப் பிரிவில் அதுவே கடைசிப் பந்தயமும் ஆனது.

மே 12. நியூ ஹாம்ப்ஷயரில் அதற்கு ஒரு படி கீழான மட்டப் பந்தயம் ஒன்றுக்கான பயிற்சி ஓட்டம். மூன்றாம் திருப்பத்தில் ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். காலை எடுத்தாலும் இன்ஜின் இழுத்துக்கொண்டே போகும். கார் சுவரில் மோதியதில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. வயது 19. எட்டு வாரம் கழித்து, ஜூலை 7 அன்று, அதே ஓடுதளத்தின் அதே திருப்பத்தில் இன்னொரு ஓட்டுநரான கென்னி இர்வினும் இறந்தார்.

அப்புறம்தான் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் ஸ்டீயரிங்கிலேயே இருக்க வேண்டும் என்று இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு கட்டாயமாக்கியது. கையை எடுக்காமல் கட்டைவிரலால் தட்டினால் போதும். தலையையும் கழுத்தையும் தாங்கும் பட்டை கட்டாயமாவதற்கு 2001 அக்டோபர் ஆனது. அதற்குள் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டும் பந்தய விபத்தில் போய்விட்டார். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. சுவிட்ச் ஒன்றும் ராக்கெட் சமாச்சாரம் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் அட்டை மடிக்கும் மெஷினுக்கே இரண்டு பட்டன் இருந்தது.

மகனின் 45-ஆம் எண்ணைக் கைல் தன் காரில் போட்டுக்கொண்டு ஓட்டினார். கடும் நோயுள்ள குழந்தைகளுக்கு ஒரு முகாம் வேண்டும் என்பது ஆடமின் ஆசை. 2004-இல் ராண்டில்மனில் அது திறந்தது. ஃபிட்டர் லீவு நாட்களில் அங்கே போய்க் குழாய் வேலை பார்ப்பாராம்.

சில மாதம் கழித்து ஒரு காலை, பிரஸ் ஒன்றின் பட்டனை அமுக்கினேன். மெஷின் நிற்கவில்லை. இரண்டாம் முறையும் நிற்கவில்லை. "ஷிஃப்ட் முடியட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் சூப்பர்வைசர். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் ஃபிட்டர் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.