பீரியட்ஸ் நிற்கிற வயதில் கொலஸ்ட்ராலையும் பாருங்கள், அக்கா

கோவில்பட்டியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு வாசலில் நிற்பவர்களில் நிறையப் பேர் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். ரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே தீப்பெட்டி ஆபீஸுக்கு ஓட வேண்டியவர்கள். சுகர் மட்டும் போதும் என்பார்கள். "கொழுப்பும் பாத்துருவோமாக்கா?" என்று கேட்டால், "நான் என்ன தினமும் கறியும் மீனுமா திங்கேன்?" என்று பதில் வரும்.

சாப்பாடு மட்டும் காரணமில்லை என்பதைத்தான் இங்கே எழுத நினைத்தேன். ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உதவுகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. பீரியட்ஸ் நிற்கிற வயதில் அது குறையத் தொடங்கினால் இரண்டுமே பாதிக்கும். அமெரிக்காவில் 1996-ல் தொடங்கி, நடுவயதுப் பெண்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த 'ஸ்வான்' என்ற ஆய்வு இருக்கிறது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஒரு வருஷத்தில் எல்டிஎல் சட்டென்று ஏறுகிறது என்று அதில் தெரிந்தது. வயதாக ஆக எல்லாருக்கும் மெல்ல ஏறுமே, அது வேறு கணக்கு.

எனக்கு 48 வயது. பீரியட்ஸ் இரண்டு மாதம் வராது, அப்புறம் பதினைந்து நாளிலேயே வந்து நிற்கும். நடுராத்திரியில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஃபேனைக் கூட்டிவிட்டுப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஈரம் காய்ந்து குளிர் நடுக்கும். மறுபடி எழுந்து ஃபேனைக் குறைக்க வேண்டும். உடம்பின் சூட்டைச் சமன்செய்கிற மூளைப் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சின்ன மாற்றத்தைக்கூடத் தாங்காமல் வியர்க்க வைக்கிறது. இது சராசரியாக ஏழு வருஷத்துக்கு மேலேயே நீடிக்கலாம். "இந்த வயசுல அப்படித்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு வருஷம் தூங்காமல் இருக்க வேண்டுமா? அடிக்கடி இப்படி வருகிறவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருப்பதை அதே ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதனால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான் இது. சொல்ல வெட்கமே வேண்டாம்.

எடை பெரிதாக ஏறாமலே எனக்குப் பாவாடை நாடாவின் முடிச்சு நுனிக்குப் போய்விட்டது. தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு இந்த வயதில் வயிற்றுக்கு இடம் மாறும். நம் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தையல்கார அக்காவிடம் டேப் வாங்கி அளந்துகொள்ளலாம், அதற்குக் காசு கிடையாது. வெறும் வயிற்றுச் சுகர் 100, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு 150, பிபி 130/85 ஆகியவற்றைத் தொட்டாலோ, நல்ல கொழுப்பான எச்டிஎல் 50-க்குக் கீழே போனாலோ கவனிக்க வேண்டும். வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்து இந்த ஐந்தில் மூன்று சரியில்லையென்றால் அதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம்.

என்னை அதிகம் பதற வைப்பது, "எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாச்சே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான். முப்பத்தெட்டில், நாற்பதில் எடுத்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் அன்றைக்கே மெனோபாஸ், அதாவது பீரியட்ஸ் நிரந்தரமாக நிற்கிற நிலை, வந்துவிட்டது என்று அர்த்தம். 45-க்கு முன்னால் மெனோபாஸ் வந்தால் இதயத்துக்கு ஆபத்து கூடும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால், மெனோபாஸ் எப்போது வந்தது என்று பீரியட்ஸ் நின்றதை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டு பீரோவில் இருக்கும், தேடி எடுங்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடாகக் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்கிறார்கள். அந்த மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதியை, மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் கூடுவதாகத் தெரிந்து 2002-ல் பாதியில் நிறுத்தியதிலிருந்து எல்லாருக்கும் பயம். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், மெனோபாஸ் ஆகிப் பத்து வருஷத்துக்குள் இருப்பவர்களில், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, இதய நோய் எதுவும் இல்லாத பலருக்கு இந்தச் சூட்டைத் தணிக்க டாக்டர்கள் கொடுக்கிறார்கள். இதயத்தைக் காக்க என்று மட்டும் யாரும் கொடுப்பதில்லை.

பிபியும் சுகரும் பார்க்க லேபுக்கே வர வேண்டியதில்லை. முப்பது வயதைத் தாண்டிய எவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலோ, தாடை, முதுகு, இடது கை வலித்தாலோ, குமட்டலோடு சேர்ந்து வியர்த்தாலோ கேஸ் என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள். சூட்டு வியர்வை என்றும் விட்டுவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், முதலில் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.